ஐந்து பட்டன் செல்களும் தேறின

புதன்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்குத் தாயம்மாளின் சுகர் மிஷின் கண்ணை மூடியது. விரலில் குத்தியாகிவிட்டது. ரத்தமும் குன்றிமணிபோல் வந்து நின்றது. மிஷின் மட்டும் ஒரு பேட்டரிப் படத்தை இரண்டு முறை சிமிட்டிக் காட்டிவிட்டு அணைந்துபோனது.

"குத்தறதுக்கு முன்னாடியே செத்திருக்கக் கூடாதா இது?" என்று தாயம்மாள் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் கெடு வைத்திருந்தார். சனி முதல் வெள்ளி வரை ஏழு நாள் வெறும் வயிற்றில் பார்த்து எழுதிக்கொண்டு மறுநாள் வர வேண்டும். நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கி நின்றால் மாத்திரையே போதும். இல்லாவிட்டால் இன்சுலின் ஊசி. தினமும் தன் வயிற்றைத் தானே கிள்ளிப் பிடித்துக் குத்திக்கொள்வதை நினைத்தாலே தாயம்மாள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொள்வாள். அதனால்தான் ஐம்பத்தேழு வருஷம் சோற்றை விடாதவள், கோதுமை ரவையைப் பங்காளியைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டே விழுங்கிவந்தாள். பலன் நோட்டில் இருந்தது: 172, 164, 151, 143. செவ்வாய்க்கிழமை வந்த நூற்று நாற்பத்து மூன்றை, எதிர்வீட்டு நாகவல்லியிடம் போய்ப் பரீட்சை மார்க் மாதிரி சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மகள் ஷோபனா மிஷினின் மூடியைத் திறந்து செல்லை எடுத்தாள். சிஆர் 2032 என்று இருந்தது. நோட்டில் எழுதினாள். சரிபார்த்தாள். போனில் படம் எடுத்தாள். எடுத்த படத்தை வைத்து எழுதியதை மறுபடி சரிபார்த்தாள். பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, மாலையில் ஆவடியில் டிராயிங் வகுப்பு என்று ஓடுகிற பெண். தன் கையெழுத்தையே சந்தேகப்படுகிற சுபாவம். அந்த எண் என்ன சொல்கிறது என்பதையும் தேடிப் பார்த்தாள். முதல் இரண்டு இலக்கம் அகலம், இருபது மில்லிமீட்டர். அடுத்த இரண்டு கனம், மூன்று புள்ளி இரண்டு.

அவள் யாரிடமும் சொல்லாமல் ஒன்று வாங்கிவந்து போட்டிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் சிவராமன் எழுந்துவிட்டார்.

சிவராமன் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கோவில்பதாகையில் வீடு கட்டிக்கொண்டு வந்த பிறகு, ஆய்வு செய்ய வேறு எதுவும் கிடைக்காததால் வீட்டை ஆய்வு செய்துவந்தார். ஊரில் எல்லாரும் வெண்டைக்காயை நாலைந்து நுனி ஒடித்துப் பார்த்து வாங்குவார்கள். சிவராமன் வாங்கிவந்த பிறகு அத்தனையையும் ஒடித்துப் பார்ப்பார்.

"இண்டென்ட் எழுது," என்றார் மகளிடம். என்ன பொருள், எத்தனை, முன்பு வாங்கியது என்ன ஆயிற்று என்று எழுதித் தர வேண்டிய சீட்டு அது. அந்த வீட்டில் துடைப்பம்கூட அது இல்லாமல் நுழைந்ததில்லை. "மூணு கடையில விசாரி."

"ஒரு செல்லுக்காப்பா?"

"ஒண்ணுன்னா மட்டும் ஊழல் நடக்காதா?"

மாலையில் வகுப்புக்கு முன் ஷோபனா மூன்று கடை ஏறினாள். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடைக்காரர் சுவர்க் கடிகாரத்துப் பென்சில் செல்லை நீட்டி, "இதான்மா எல்லாத்துக்கும்," என்றார். மூன்றாவது, ஆவடி மார்க்கெட் பக்கம் வேம்புலியின் செல்போன் கடை.

"இன்னா தங்கச்சி, ஒரு பட்டன் செல்லுக்கு இம்மாம் பெரிய நோட்டா?" என்றபடி வேம்புலி ஒரு அட்டையை எடுத்துப் போட்டார்.

"இதுல 2025ன்னு இருக்குண்ணா. எனக்கு 2032."

"கொஞ்சம் ஒல்லியா கீது, அவ்ளோதான். ரெண்டுமே மூணு வோல்ட்டு. சிகரெட் அட்டையில வர்ற சில்வர் பேப்பர மடிச்சி அடியில வெச்சிக்கினா கப்புனு உக்காந்துக்கும்."

அவர் சொன்ன உறுதியில் ஷோபனாவுக்குத் தன் நோட்டு, தன் போன், தன் கண் மூன்றின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். கடைசியில் காப்பாற்றியது பயம்தான்.

"எங்கப்பா வெர்னியர் வெச்சி கனத்த அளப்பாருண்ணா."

வேம்புலி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பேக்டரியா?"

"ரிட்டயர்டு."

"அத்த மொதல்லயே சொல்றதில்ல? இந்தா, அட்டையோட ஐஞ்சு கீது, முப்பத்திரண்டே எட்த்துனு போ. அவங்ககிட்ட வாய் குடுத்து மாள முடியாது."

இப்படியாக ஷோபனா தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுத்து வீடு சேர்ந்தாள். சிவராமன் அட்டையை வாங்கி டிவி அலமாரியின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

வியாழன் விடியற்காலை தாயம்மாள் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாவி வரவில்லை.

"ஆய்வாகாத சரக்கு ஸ்டோரை விட்டு வெளிய போகாது," என்றார் சிவராமன், பல் துலக்கியபடி.

"ஒரு சொட்டு ரத்தம் பாக்கணும்ங்க. பீரங்கி சுடப் போறதில்ல."

"அந்த அலட்சியத்துலதான் பீரங்கி பின்னால வெடிக்கும்."

நோட்டில் புதனை அடுத்து வியாழனும் காலியாகக் கிடந்தது.

அன்று இரவு ஒன்பதரைக்கு ஷோபனா வகுப்பு முடிந்து வந்தபோது, மேஜைமேல் ஐந்து செல்களும் வெள்ளைத்துணியில் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் சான்றிதழ். தோற்றம், சரி. காலாவதித் தேதி, சரி. கனம் 3.20, சரி. கனத்தை அளந்த டிஜிட்டல் வெர்னியர், பணி ஓய்வு நாளில் பிரிவுக்காரர்கள் கொடுத்தது, வெல்வெட் பெட்டியில் சாய்ந்திருந்தது. கடைசி வரியை ஷோபனா இரண்டு தடவை படித்தாள். 'சுமை சோதனை: ஒவ்வொரு செல்லும் ஒரு மணி நேரம் டார்ச் பல்பை எரித்தது. ஐந்தும் தேறின.'

"அஞ்சையுமா எரிச்சீங்க?"

"சின்ன லாட்டுல ஒண்ணு ரெண்டு மட்டும் மாதிரி எடுத்துப் பாக்கக் கூடாது. முழுசா பாக்கணும். காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சேன். நடுவுல சாப்பாட்டு இடைவேளை அரைமணி."

ஷோபனா முதல் செல்லைப் போட்டாள். மிஷின் சிமிட்டவில்லை. இரண்டாவது, மூன்றாவது. தேறிய ஐந்தும் செத்துக் கிடந்தன.

"அப்ப மிஷின்லதான் கோளாறு," என்றார் சிவராமன் அசையாமல். "செல்லெல்லாம் பாஸ் ஆயிருக்கே. நாளைக்குப் புது மிஷினுக்கு இண்டென்ட் போடு."

வேம்புலி இந்நேரம் ஷட்டரை இறக்கியிருப்பார். மறுநாளோடு டாக்டர் சொன்ன ஏழு நாள் கணக்கு முடிகிறது. ஷோபனா வழக்கப்படி தன்னையே திட்டிக்கொண்டு படுத்தாள். ஒரு செல்லையாவது பையில் ஒளித்துவைத்திருக்கலாம்.

வெள்ளி விடிந்தபோது தாயம்மாள் மேஜை முன்னால் நின்று வெல்வெட் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவராமனின் குறட்டை உள்ளிருந்து கேட்டது.

"ஷோபா, மூணு வருஷமா இதைத் துடைக்கிறேன். நம்பர் காட்டுதே, அது எதுல ஓடுது?"

ஷோபனா வெர்னியரைத் திருப்பினாள். அதில் ஒரு வட்ட மூடி. தாயம்மாள் ஒரு ரூபாய்க் காசை மூடியின் பள்ளத்தில் வைத்துத் திருகினாள். உள்ளே சிஆர் 2032 என்று எழுதிய செல் பளபளத்தது. ஷோபனா வழக்கம்போல் இரண்டாவது தடவை சரிபார்க்கப் போனாள்.

"போடுடி முதல்ல!"

மிஷின் கண் திறந்தது. துளி ரத்தம், ஐந்து விநாடி. 131.

தாயம்மாள் போட்ட சத்தத்தில் சிவராமன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் சிவந்தது. "ஆய்வாகாத செல்லுல எடுத்த ரீடிங் செல்லாது!"

"இத்தனை நாள் நீங்க எல்லாத்தையும் அளந்தது இதே செல்லுலதானுங்க."

சிவராமன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு நோட்டை இழுத்து, புதன், வியாழன் இரண்டுக்கும் நேரே அழகான கையெழுத்தில் 139, 135 என்று எழுதினார்.

"என்னப்பா இது?" என்றாள் ஷோபனா.

"ரிஜிஸ்டர்ல கட்டம் காலியா இருக்கக் கூடாது. நூத்தி நாப்பத்துமூணுலேர்ந்து நூத்தி முப்பத்தொண்ணு. நடுவுல இதுதான் வந்திருக்கும்."

மூன்று புள்ளி இரண்டை ஒரு நாள் முழுக்கச் சோதித்த மனுஷர், மனைவியின் ரத்தத்தை ஒரு நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டார்.

தாயம்மாள் பேனாவைப் பிடுங்கி இரண்டையும் அடித்தாள். "அந்த ஊசிக்குப் பயந்து ரவை தின்னது நானு. நீங்க எழுதின நூத்தி முப்பத்தொம்பதுக்கு யாரு தின்னா?"

சனிக்கிழமை டாக்டர் நோட்டைப் பார்த்தார். "இந்த ரெண்டு நாள் என்னாச்சும்மா?"

"இன்ஸ்பெக்ஷன் நடந்துச்சு டாக்டர்."

டாக்டருக்குப் புரியவில்லை. 131 புரிந்தது. ஊசி இப்போதைக்கு வேண்டாம், இன்னும் இரண்டு வாரம் இப்படியே பார்த்து எழுதுங்கள், நாள் விடக் கூடாது என்றார்.

அன்று சாயங்காலம் கொல்லைக்குழாய்க்கு வாஷர் வந்தது. அதை அளக்கச் சிவராமன் வெல்வெட் பெட்டியைத் திறந்தார். வெர்னியரின் எண் காட்டும் கண்ணாடி இருட்டாக இருந்தது. சற்று நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தச் செல்லக் கொஞ்சம் குடேன்."

"இண்டென்ட் எழுதிக் குடுங்க."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. சீட்டை எடுத்து உட்கார்ந்தார். பொருள், பட்டன் செல். அளவு, ஒன்று. அடுத்தது, 'முன்பு வாங்கியது செயலிழந்த காரணம்'. பேனா அங்கே நின்றது. ஐந்து நிமிஷம் ஆகியும் நகரவில்லை.

"கட்டம் காலியா இருக்கக் கூடாதுங்க," என்றாள் தாயம்மாள், ரவையைக் கிண்டியபடி.