ஒரே குச்சி

பலராமன் மண்வெட்டிக் காம்பை ஓங்கியபோது, குழந்தைவேலின் இடுப்பில் ஈரச்சாக்கு சுற்றியிருந்தது. சாக்குக்குள் செம்பருத்திக் குச்சிகள். வெட்டுவாயில் கொழகொழப்புகூடக் காயவில்லை.

குழந்தைவேல் வேறு யாருமல்ல, பலராமனின் பெண்டாட்டி தனக்கொடியின் தம்பி. அந்தச் செம்பருத்திக்கும் தனக்கொடி என்றுதான் பலராமன் பேர் வைத்திருந்தான். ஒரு பூவின் மகரந்தத்தை விடியலில் இன்னொரு பூவில் தடவி, அடையாளத்துக்கு நூல் கட்டி, விதையெடுத்து முளைக்க வைத்து, பூ சரியில்லாத கன்றையெல்லாம் பிடுங்கியெறிந்தபின் மிஞ்சிய ஒற்றைச் செடி. புகைநிறத்து இதழ், நடுவில் ரத்தச் சிவப்பு. பாகூர்ப் பக்கம் அப்படியொரு பூவை யாரும் கண்டதில்லை. சொந்த வேரில் அது நிற்காது. குழந்தைவேல்தான் சாதாரணச் சிவப்புச் செம்பருத்தியில் ஒட்டுக்கட்டிப் பிழைக்க வைத்தான். பலராமன் கட்டியதெல்லாம் காய்ந்து போனது. ஆனால் காவல் அவனுடையது. பூ கேட்டால் கொடுப்பான், குச்சி மட்டும் யாருக்கும் கிடையாது. கழித்த குச்சிகளை அடுப்பில் போட்டுச் சாம்பலாகும்வரை அங்கேயே குந்தியிருப்பான். "சோறு வேவுதோ இல்லியோ, இந்தாளுக்குக் குச்சி வேவணும்" என்பாள் தனக்கொடி.

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்கக் குழந்தைவேல் வலக்கையைத் தூக்கினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் இருவருக்குமே கேட்டது.

"பூ உன்னுது மாமா, ஒட்டுன கை யாருது?" என்று கத்தினான். "பூக் கண்காட்சில அந்தச் செடிய வெச்சப்ப என் பேர ஒரு வாட்டி சொன்னியா? இந்த வாட்டி நான் வெப்பேன், என் பேர்ல!"

பலராமன் அவன் வாயிலேயே உதைத்தான். குழந்தைவேல் தலையால் முட்ட, இருவரும் கட்டிப்புரண்டு செடிமேல் விழுந்தார்கள். சாக்கு அவிழ்ந்து குச்சிகள் முழங்காலுக்கடியில் நசுங்கின. பலராமனுக்கு அப்போது எதுவும் தெரியவில்லை. கழுத்து ஒன்று கைக்குள் இருந்தது, அதை நெரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"யோவ், உட்டுடுய்யா! செத்துடப் போறான்யா!" தனக்கொடி அவன் முடியைப் பிடித்து இழுத்தாள். "அங்க பாருய்யா, செடிய!"

ஒட்டு பிளந்து, பட்டை உரிந்து, செடி தரையோடு கிடந்தது. அவள் மண்ணைக் கிளறிக் கிளறித் தேடினாள். மொட்டுக்கண் நசுங்காத குச்சி ஒன்றே ஒன்று அகப்பட்டது. முந்தானையை நனைத்து அதைச் சுற்றிக்கொண்டாள். வெயில் ஏறினால் அதுவும் வாடிவிடும்.

பலராமன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு மச்சானின் தொங்கும் கையைப் பார்த்தான். சண்டையில் மச்சானிடமிருந்து மண்ணில் விழுந்திருந்த ஒட்டுக்கத்தியை எடுத்து, வேட்டியில் துடைத்து, அவனுடைய இடக்கைப் பக்கம் நீட்டினான்.

"மச்சான்..."

குழந்தைவேல் ரத்தத்தைத் துப்பினான். கத்தியை வாங்கிக்கொண்டான். "செவப்புக் கன்ன எடுத்துட்டு வா. ரெண்டு கையாலயும் புடி. ஆடாத."

பலராமன் சிவப்புச் செம்பருத்திக் கன்றைக் கொண்டுவந்து வைத்து, மண்டியிட்டு அதன் தண்டைப் பிடித்தான். கத்தி இறங்க வேண்டியது அவனுடைய இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவில். குனிந்திருந்த பிடரியில் மச்சானின் மூச்சு சுட்டது.

"டேய் தம்பி" என்றாள் தனக்கொடி.

பழக்கமில்லாத இடக்கையில் கத்தி கோணலாகத் தண்டை நோக்கி இறங்கியது. பலராமன் கையை எடுக்கவில்லை.