செல்லாத ஓம்

தமிழ்ச் சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுக்க பிளாக்ஹவுஸ் பே வட்டாரத்திலிருந்து ஒரு பேராளர் போக வேண்டும். "ரதிதேவியை அனுப்பலாமா?" என்று சீட்டில் அச்சடித்திருந்தார்கள். பதிலை அதன் கீழே எழுதி ஐம்பத்திரண்டு பேர் பெட்டியில் போட்டார்கள். எண்ண உட்கார்ந்தவர் தண்டபாணி. தலைவர் பதவிக்கு நிற்பவர் அவருடைய மச்சான், ரதிதேவியோ எதிரணி. அவள் அவர் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

"ஆமா பன்னிரண்டு, இல்லை பதினேழு. மீதி இருபத்து மூணும் செல்லாது" என்றார் தண்டபாணி.

"ஏன் செல்லாது?"

"ஓம், ஓம்னு மந்திரம் எழுதி வச்சிருக்காங்கம்மா. இதை எப்படி எண்ணுறது?"

தமிழ்நாட்டுக்காரர்கள் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்தார் ஒருவரும் சிரிக்கவில்லை. 'ஆமா' என்பதற்கு அவர்கள் வாயில் வரும் சொல்லே அதுதான். மனிதருக்கு உண்மையாகவே தெரியாதோ என்று ரதிதேவி ஒரு கணம் தடுமாறினாள். பிறகு நினைவு வந்தது.

"அண்ணை, போன கிழமை மச்சானுக்கு ஆதரவு கேட்டு என்ரை வீட்டை வந்தனீங்கள். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு கேட்டன். என்ன சொன்னனீங்கள்?"

தண்டபாணி குனிந்து சீட்டுகளை அடுக்கினார்.

"ஓம் எண்டனீங்கள். நான் என்ன, திருநீறோ தந்தனான்? தேத்தண்ணிதானே தந்தனான்!"