மெத்தைக் கம்பெனியில் மதியத் தூக்கம்

மெத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு அடித்தது அதிர்ஷ்டம். சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் எல்லோரும் தூங்கலாம், அதுவும் சம்பளத்தோடு, சொந்தக் கம்பெனி மெத்தையில் என்று முதலாளியம்மா அறிவித்துவிட்டார். ஆட்களின் உடம்பும் மனசும் நன்றாக இருந்தால் தையலும் நன்றாக இருக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். கரும்பு தின்னக் கூலியா? எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தவள் ஊசி. தைக்கும்போது மெத்தைக்குள் உடைந்து நின்றுவிட்ட ஊசியைத் தடவியே கண்டுபிடிக்கிற வேலை அவளுடையது; பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டில் எட்டு மாதக் கைக்குழந்தை. பகலெல்லாம் மாமியாரிடம் சமர்த்தாகத் தூங்கிவிட்டு, இருட்டினதும் கண்ணை உருட்டிக்கொண்டு விளையாடக் கூப்பிடும். ஊசிக்குத் தூக்கம் குதிரைக்கொம்பாகிவிட்டது. முந்தின வாரம்தான் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியின் தோளில் சாய்ந்து, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி, கடைசி நிறுத்தம்வரை போய் வந்திருந்தாள். அரை மணித் தூக்கத்துக்குச் சொத்தையே எழுதிக் கொடுத்துவிடுவாள், சொத்துதான் இல்லை.

முதல் நாள். சரக்கு அறையைக் காலி செய்து, திரை போட்டு, மெத்தைகளை வரிசையாக விரித்திருந்தார்கள். ஊசி படுத்தாள். அடடா, சொர்க்கம்! கண் சொருகியது. கை மட்டும் கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஓரத்திலிருந்து நடுவுக்குத் தடவிக்கொண்டு போனது. ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள்; தடவிய கை மட்டும் இருக்குமா? அவளாவது தேவலை. ஸ்பிரிங் மாட்டுகிறவர் மெத்தையில் காதை வைத்துப் புரண்டு புரண்டு கேட்டார். உள்ளே ஏதோ ஒன்று முனகுகிறதாம். தையல்காரர் எழுந்து உட்கார்ந்து, இந்த ஓரத்தை எந்தப் புண்ணியவான் தைத்தான் என்று சத்தம் போட்டார். தைத்த புண்ணியவான் அவரேதான். அரை மணி முடிந்து மேனேஜர் கதவைத் திறந்தபோது நாலு மெத்தைகள் வயிறு கிழிந்து கிடந்தன. பஞ்சு பறந்துகொண்டிருந்தது. தூங்கினவர் ஒருவருமில்லை.

மறுநாள் ஆளுக்கொரு ஜோடி கையுறை கொடுத்துப் பார்த்தார்கள். தையல்காரர் பல்லால் நூலை இழுத்துச் சோதித்தார். சரி, நம் மெத்தையாக இருப்பதால்தானே இந்தக் கூத்து என்று வேறு கம்பெனி மெத்தைகளை வாங்கிப் போட்டார்கள். போட்டிக்காரன் மெத்தை கையில் கிடைத்தால் விடுவார்களா? சினிமாவுக்குக் கிளம்பினவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு, கத்தரிக்கோலோடு வந்து சேர்ந்தார்கள்.

முதலாளியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், அன்றைக்கும் யாரும் தூங்கவில்லையென்றால் அறையில் மறுபடி சரக்கு ஏறும் என்றும் சொல்லியனுப்பினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று ஊசிக்கு அழுகையே வந்தது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் படுத்ததும் அவள் நடுவில் வந்து நின்றாள். "உங்களுக்கு எங்க வீட்டு வாண்டே தேவலை. கைக்கு வேலை இல்லைன்னாதானே மெத்தையைப் பிய்க்கிறீங்க? எல்லாரும் ஒருக்களிச்சுப் படுங்க. முன்னால படுத்திருக்கிறவங்க முதுகைத் தட்டிக் கொடுங்க."

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. முதலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அறையே குலுங்கியது. ஸ்பிரிங்காரருக்குக் கூச்சம் அதிகம். தட்டத் தட்ட நெளிந்து, மெத்தையைவிட்டே உருண்டார். தையல்காரர் மிஷின் வேகத்தில் தட்டினார். "மெதுவா அண்ணே, குழந்தை முழிச்சுக்கும்" என்று ஊசி அதட்டியதில் இன்னொரு சுற்றுச் சிரிப்பு. சிரித்துச் சிரித்து வயிறு வலித்து, மூச்சு வாங்கி, ஒவ்வொருவராக அடங்கினார்கள். கைகள் ஒரே தாளத்துக்கு வந்தன, பிறகு ஒவ்வொன்றாக நின்றன. முதல் குறட்டை ஸ்பிரிங்காரருடையது.

பெண்கள் வரிசையின் கடைசியில் உட்கார்ந்து, முன்னால் கிடந்தவளைத் தட்டிக்கொண்டிருந்தாள் ஊசி. அறை பிழைத்துவிட்டது. குதிக்கலாம் போலச் சந்தோஷம். அத்தனை பேரும் தூங்க, தான் மட்டும் விழித்திருக்கிற வயிற்றெரிச்சலும் கூடவே.

கதவு திறந்தது. முதலாளியம்மா இரண்டு வரிசையையும் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அப்புறம் நுனிக்காலில் நடந்து வந்து குனிந்தார்.

"நீ ஏம்மா தூங்கல?"

"எல்லாரையும் தூங்க வெச்சுட்டேன்மா. என்னைத் தட்டத்தான் ஆளில்ல."

தூக்கக் கலக்கத்தில் உளறிவிட்டோமே என்று ஊசி நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலாளியம்மா செருப்பைக் கழற்றினார். மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, படு என்று கையைக் காட்டினார்.

கடையில் நின்று மெத்தை விற்ற காலத்தில், வாங்க வந்தவர்கள் முன்னால் அறைந்து அறைந்து உறுதியைக் காட்டிப் பழகின கை அது. ஊசியின் முதுகில் படார் படார் என்று விழுந்தது. கொஞ்சம் மெதுவாக என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

அரை மணி ஆனதும் மேனேஜர் மணியடிக்க வந்தார். முதலாளியம்மா தட்டுவதை நிறுத்தாமலே அவரை முறைத்தார்.

"சத்தம் போடாம போங்க. இப்பத்தான் தூங்கினா."