எமெட்டின் இடது முழங்கால்

ஈரச் சேற்றில் தோளைத் தாழ்த்தி ஹார்லன் பாய்கிறான், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரே ஓடி வருகிறவன் அவனுடைய தம்பி எமெட், எல்லோரும் இடுப்பைப் பார்த்துத்தான் பாய்வார்கள், ஹார்லனின் கண் மட்டும் அந்த இடது முழங்காலை விட்டு நகரவில்லை, உள்ளே தசைநார் கிழிந்திருப்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், முந்தின நாள் மாலை அம்மாவின் சமையலறையில் காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு எமெட்டேதான் சொன்னான், யார்கிட்டயும் சொல்லிடாத அண்ணே, தெரிஞ்சா என்னை வெளிய உக்கார வச்சிடுவாங்க, ஹார்லன் சிரித்துக்கொண்டே வெந்நீரில் பிழிந்த துணியை அந்தக் காலில் சுற்றிவிட்டான், அப்போது மனத்தில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை, இதை எத்தனையோ தடவை தனக்குள்ளேயே சத்தியம் செய்து பார்த்திருக்கிறான்.

ஒஹாயோவில் அவர்கள் ஊருக்கு இருந்தது ஒரு கண்ணாடித் தொழிற்சாலை, அதன் உலைச் சூட்டிலிருந்து இருவரையும் வெளியே இழுத்து வந்தது இந்த ஆட்டம், பந்தைக் கையில் அணைத்து ஓடும் இந்த அமெரிக்கக் கால்பந்துக்குச் சம்பளம் என்பதே அப்போது புதிது, ஒரு தோல் தொப்பி, ஒரு கம்பளிச் சட்டை, அவ்வளவுதான் கவசம், அண்ணன் உள்ளூர் அணி, தம்பி பக்கத்து ஊர் அணி, அன்று எமெட்டை யாராலும் பிடிக்க முடியவில்லை, இடைவேளையில் பயிற்சியாளர் ஹார்லனைத் தனியே கூப்பிட்டு, உன் தம்பிய நீ நிறுத்தலேன்னா அடுத்த வாரம் உன் இடத்துல வேற ஆளு என்றார், முழங்காலைப் பற்றி அவருக்குத் தெரியாது, இவனும் சொல்லவில்லை, சொல்லாமல் செய்தான், தோள் அந்த முழங்காலிலேயே போய் மோதியது, பச்சை விறகு முறிவதுபோல ஒரு சத்தம், கூட்டம் எழுந்து நின்று ஆரவாரிக்கிறது, சேற்றில் கிடக்கும் எமெட் கத்தவில்லை, அண்ணனை நிமிர்ந்து பார்க்கிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

பிறகு ஹார்லன் பதினோரு வருடம் ஆடினான், பத்திரிகைகளில் படம் வந்தது, எமெட் காலை இழுத்துக்கொண்டு அதே உலைக்குத் திரும்பினான், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அம்மா நடுவில் உட்கார்ந்து இருவருக்குமாகப் பேசித் தீர்த்தாள், அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மதியம், பேச ஆளில்லாத அந்த வீட்டில், ஹார்லன் வாயைத் திறந்தான், எமெட், அன்னிக்கு நான் தெரிஞ்சேதான் அங்க அடிச்சேன். எமெட் ஜன்னலைப் பார்த்தபடியே, தெரியும் அண்ணே என்றான், அப்புறம், நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன் என்றான், அவன் செய்திருக்க மாட்டான், உயிரே போனாலும் செய்திருக்க மாட்டான், அது இரண்டு பேருக்குமே தெரியும், அண்ணன் தாங்கமாட்டான் என்று சொன்ன பொய் அது, இல்லை என்று சொல்லத்தான் ஹார்லன் தலையை நிமிர்த்தினான், ஆமாம் என்றுதான் வாயில் வந்தது.