ஜார்ஜ்டவுனுக்குப் போன இடது பாதம்

போன ஆடி மாதம் மேகலாவின் இடது பாதம் ஜார்ஜ்டவுனுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி உடம்பு மாதனூரிலேயே இருந்தது. கம்பெனி பஸ்ஸை ஒரு நாளும் தவறவிடவில்லை.

அவள் புருஷன் ஜெயப்பிரகாஷ் கட்டட வேலைக்கு வெளிநாடு போனவன். தை மாதத்தோடு போன் நின்றுவிட்டது. எந்த ஊர் என்று கேட்டதற்கு ஏஜெண்டு, “ஜார்ஜ்டவுன்னா ஜார்ஜ்டவுன்தாம்மா, சும்மா பேஜார் பண்ணாத” என்று எரிந்து விழுந்தான். அப்புறம் அவனையும் காணோம், பாவி! வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் ஒரு ஜார்ஜ்டவுனை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சென்னையில் ஒன்று, பினாங்கில் ஒன்று, கேமன் தீவில் ஒன்று, கயானா நாட்டுக்குத் தலைநகரமும் துறைமுகமுமாக ஒன்று. எதிலென்று தேடுவது? மாமியார் சௌந்தரத்துக்குச் சோறு இறங்கவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள்.

மேகலாவுக்கு ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் வேலை. வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ சாம்பிள் ஒற்றைக் காலாகத்தான் போகும். ஜோடியாக அனுப்பினால் வழியிலேயே எவனாவது மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். வலது போகும், இடது இங்கே அலமாரியில் தங்கும். ஜார்ஜ்டவுனுக்கு எந்த வலது போனாலும் அதன் இடதை மேகலா போட்டுப் பார்த்தாள். ஜோடி பிரிந்த ஷூ சும்மா இருக்குமா? அவள் பாதத்தை அங்கே கொண்டுபோய் விட்டது.

முதல் ஷூவில் தார் சுட்டது, தள்ளுவண்டிச் சக்கரம் நகத்தைப் பெயர்த்தது, அது சென்னை. இரண்டாவதில் மழையில் வழுக்கும் ஓடு, பினாங்கு. மூன்றாவதில் மாவு போல மணல். நான்காவதில் சேறும் உப்புத் தண்ணீருமாக இருந்தது. கடல் மேட்டிலும் ஊர் பள்ளத்திலும் இருக்கிற தலைநகரம் அது. பாதம் அங்கே நாள் முழுக்கத் தேடி அலைந்து, ஒரு மரப்பலகைத் தரையில் ஏறி நின்றது. இன்னொரு பாதம் மெல்ல வந்து அதன் மேல் படுத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி பஸ்ஸில், பின்சீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் அவன் அப்படித்தான் வைப்பான். மேகலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சூப்பர்வைசர் ஹயாத் பாஷா வந்து, “இன்னாம்மா ஆச்சு?” என்றார்.

“அவரு இருக்காரு சார். உசுரோட இருக்காரு.”

அவர் ஷூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அப்ப இத ஊட்டுக்கு எட்த்துனு போ. கேட்ல நான் சொல்லிக்கிறேன்” என்றார்.

வீட்டில் சௌந்தரத்துக்கு அந்த ஷூ பற்றவில்லை. விரல்களை மட்டும் நுழைத்து, கண்ணை மூடி வெகுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு, “கடங்காரன்! குதிகாலு பாளம் பாளமா வெடிச்சிக் கெடக்குது. எண்ண வெக்கிறதே இல்ல பாரு” என்று திட்டினாள். திட்டிக்கொண்டே தட்டை இழுத்துப் போட்டுச் சோறு கேட்டாள்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அந்த ஷூவுக்குள் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் ஊற்றுகிறாள். இதுவரை அது நிரம்பவில்லை.