குண்டு திரும்பிய பக்கம்

சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, ஒன்பது மாதக் குழந்தைக்கு உண்டு. அது தெரியாமல்தான் அந்த மகராசன் மாட்டிக்கொண்டான்.

நர்ஸம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மாடியில், குழந்தைகள் பேச்சை எப்படிக் கேட்கின்றன என்று ஆராய்ச்சி நடக்கிறது. "உங்க குண்டுவ ஒரு நாள் தூக்கிட்டு வாங்களேன்" என்று அங்கிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண் கேட்டாள். வீட்டில் சொன்னபோது புருஷன் சிரித்தான்.

"வாயே வரல இவனுக்கு. இவன்கிட்ட என்னத்த கண்டுபிடிக்கப் போறாங்க? போயிட்டு வா."

சின்ன அறை. இரண்டு பக்கமும் ஒலிபெருக்கி. ஒரு பக்கத்தில் இவர்கள் வீட்டில் பேசுகிற மாதிரிப் பேச்சு. மறுபக்கத்தில், ஒவ்வொரு வரியின் வாலையும் இழுத்துத் தூக்கிவிடும் வேற்றூர்ப் பேச்சு. மடியில் வைத்திருக்கும் தாய் ஜாடை காட்டிவிடக் கூடாதாம். அதனால் அவள் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டு போட்டுவிடுவார்கள். நர்ஸம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குண்டு இடது பக்கமே திரும்பித் திரும்பி, காலை உதைத்துச் சிரிப்பது மட்டும் தெரிந்தது. அம்மா பேச்சைக் கண்டுபிடித்துவிட்டான் என் ராசா என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றிய ஆராய்ச்சிக்காரி நெற்றியைச் சுருக்கினாள்.

"வீட்ல வேற யாருங்க இருக்காங்க?"

"நானும் அவரும்தான். வீட்லேர்ந்தே அவருக்கு வேலை. நான் டூட்டிக்கு வந்துட்டா அவர்தான் பாத்துக்குவார். மத்தியானமானா பார்க்குக்குத் தூக்கிட்டுப் போவார்."

"ஒரு குழந்தைய வெச்சு எதுவும் சொல்லிட முடியாதுங்க. ஆனா பழகின பேச்சுப் பக்கம்தான் பொதுவா ரொம்ப நேரம் பாப்பாங்க. இவன் என்னடான்னா இந்த வெளியூர்ப் பேச்சுக்குத்தான் இப்படிச் சிரிக்கிறான். நீங்களே கேளுங்க."

கேட்டாள். குரல் யாருடையதோ. பேச்சு அவளுக்குத் தெரிந்த பேச்சு.

குண்டு வயிற்றில் இருந்தபோது புருஷனின் போனை ஒருநாள் இவள் எடுத்துவிட்டாள். "அவர் இல்லீங்களாஆ?" என்று வாலை இழுத்துக் கேட்டாள் ஒருத்தி. அன்றைக்கு அவன் அழுதான், காலைப் பிடித்தான், எல்லாம் முடிந்துபோன கதை என்றான். இவள் வயிற்றில் கை வைத்து, "இந்தப் பிள்ளை மேல சத்தியம்" என்றான். பைத்தியக்காரி, நம்பினாள்.

பார்க்குக்குப் போன பிள்ளை ஒரு பொட்டு மண் ஒட்டாமல், வயிறு நிறைந்து, தலை வாரி வந்ததையெல்லாம் இப்போது நினைத்துப் பார்த்தாள். உங்களை மாதிரி யாருங்க பாத்துக்குவா என்று அவனை மெச்சியதும் நினைவு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான், அதையும் அவள் பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே. சொல்ல வாயில்லாத பிள்ளை என்ற தைரியம் அவனுக்கு.

ஆனாலும் ஒரு நப்பாசை இருந்தது. வழியெல்லாம், நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தாள்.

அவன் வாசலுக்கு முதுகைக் காட்டிக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வாலை இழுத்து, மெதுவாகக் கேட்டாள்.

"சாப்ட்டாச்சாஆ?"

அவன் சட்டென்று திரும்பினான், முகமெல்லாம் சிரிப்பாக. நிற்பது யார் என்று பார்த்தபிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"நீயா" என்றான்.

அதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். இடுப்பில் இருந்த குண்டு காலை உதைத்துக்கொண்டு, அவள் முகத்தைத் தாண்டி, தோளுக்குப் பின்னால் வெறும் வாசலில் யாரையோ ஆசையாகத் தேடினான்.