வளைந்த பிரேக் பெடல்

பழைய வண்டிகளை உடைக்கும் கிடங்கில் கிடக்கும் வண்டி அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. எந்த வருஷத்து வண்டி, என்ன எஞ்சின், கியர்ப்பெட்டி தேறுமா என்றெல்லாம் தொண்டை வற்றக் கேட்கலாம். கடைசியாக அதை ஓட்டியவர் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் வாயைவிட்டு வெளியே வரக்கூடாத கேள்வி. சட்டம் போட்டவர் எவருமில்லை. பலகையில் எழுதித் தொங்கவிடவுமில்லை. ஆனாலும், இருக்கையில் கறை தென்பட்டால் சாக்கை விரித்துக்கொண்டு உட்கார்வதும், கண்ணாடியில் தொங்கும் குழந்தைச் செருப்பைப் பார்க்காததுபோல் கழற்றி ஓரமாக வைப்பதும் அங்கே வந்துபோகிறவர்களுக்குத் தாமாகவே பழகியிருந்தன.

சலவைக்கடைக்காரனும் அதற்குக் கட்டுப்பட்டவன்தான். அவனுடைய பழைய பிக்கப்பின் டைனமோவும் இடப்பக்கக் கதவும் இங்கிருந்து போனவையே. யாருடைய கதவு என்று ஒருநாளும் அவன் யோசித்ததில்லை. கதவு கதவுதான்.

ஆனால் இன்று அவன் வந்திருப்பது பிரேக்குக்காக.

மேட்டிலுள்ள விடுதிகளின் அழுக்குத் துணியை ஏற்றிக்கொண்டு வண்டி சரிவில் இறங்கியாக வேண்டும். வெறும் துணிதானே என்று சொல்பவர்கள் ஈரத் துவாலை மூட்டையைத் தூக்கிப் பார்த்ததில்லை. அவனுடைய வண்டியோ மிதியின் பலத்தைப் பெருக்கும் பூஸ்டர் இல்லாத காலத்தது; ஓட்டுபவரின் கால்பலம்தான் அதன் பிரேக். சரிவில் அவன் இருக்கையைவிட்டு எழுந்து நின்றே மிதிப்பான். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அந்தக் கால் அவன் பேச்சைக் கேட்பதில்லை. நாளை முதல் ஓட்டப்போகிறவள் அவன் மனைவி. காற்றடித்தால் கொடியில் துணியோடு சேர்ந்து ஆடுவாள் என்று உடன்பிறந்த தம்பியே கேலி செய்யும் உடம்பு. அவள் எழுந்து நின்று மிதித்தாலும் சரிவில் அந்த வண்டி அவளை மதிக்காது.

அதனால்தான், அதே கம்பெனியின் பிந்திய மாடல் ஒன்று கிடங்குக்கு வந்திருப்பதாக மெக்கானிக்கான அந்தத் தம்பி, அவன் மச்சான், சொன்னதும் நொண்டிக்கொண்டே ஓடிவந்தான். பூஸ்டர், அதோடு ஒட்டிய, பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கர டிஸ்க்குகள் எல்லாவற்றையும் கழற்றிப் பழையதில் பூட்டிவிட்டால், அவள் மெல்ல மிதித்தாலும் வண்டி நிற்கும்.

"மாமா, உள்ள தலைய விட்டு அந்த நாலு நட்டைக் கழட்டுங்க. பூஸ்டர நான் இந்தப் பக்கம் புடிச்சுக்கறேன்."

ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து, மடங்காத காலைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி முதல் நட்டைத் தளர்த்தினான். அப்போதுதான் கண்ணில் பட்டது. பிரேக் பெடலின் தண்டு வலப்புறமாக வளைந்திருந்தது. கட்டைவிரல் பருமன் இரும்பு! வருஷக்கணக்காக எழுந்து நின்று மிதித்த அவனுடைய பெடலே இன்னும் நேராகத்தான் இருக்கிறது. இதை மிதித்தவர் உயிரையே காலில் இறக்கி மிதித்திருக்கிறார்.

அவன் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். கூரை நசுங்கியிருந்தது, வண்டியின் முகப்பில் ஒரு கீறல்கூட இல்லை. எதிலும் நேராக மோதவில்லை, எங்கிருந்தோ உருண்டிருக்கிறது. மிதித்தும் நிற்காமல் உருண்டதா? நின்ற வண்டியை வேறேதாவது இடித்துத் தள்ளியதா?

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"பெடல் வளைஞ்சிருக்குடா மச்சான்."

"வளைஞ்சா என்ன? நம்ம பெடலையே மாட்டிக்கலாம்."

"அதுக்கில்லடா. இது புடிக்காமப் போன பிரேக்கா இருந்தா?"

மச்சான் முன்சக்கரத்தைக் கழற்றி உருட்டிவிட்டான். உள்ளே டிஸ்க் நீலம் பாரித்திருந்தது.

"பாத்தீங்களா, சூடு ஏறியிருக்கு. புடிச்சிருக்கு, அதான் சூடு."

"புடிச்சுப் புடிச்சு, கடைசில கைவிட்டிருந்தா?"

"சரி, சிலிண்டர் உள்ள இருக்கற ரப்பர் மொத்தமும் புதுசாப் போட்டுடறேன். டிஸ்க்கும் புதுசு. போதுமா?"

"எது போச்சுன்னு தெரிஞ்சாத்தானடா எதை மாத்தினாப் போதும்னு சொல்ல முடியும்? ரப்பரா, பைப்பா, பூஸ்டரா?"

"அப்பப் போய் மொதலாளிகிட்டக் கேளுங்க." மச்சான் குரலைத் தாழ்த்தினான். "கேட்டுட்டு, இந்த வாசல்ல இன்னொரு தடவை காலை வைங்க பாப்போம்."

சலவைக்கடைக்காரன் தான் தளர்த்திய நட்டையே திரும்ப முறுக்கினான். பிரேக் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க, பலகையொன்றைப் பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவே முட்டுக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். பெடல் இறங்கவில்லை. நிம்மதி வர வேண்டும், வரவில்லை. நின்ற வண்டியில் நல்லபிள்ளையாக இருக்கும் பிரேக், சரிவில் எப்படி இருக்குமோ?

கிடங்கு முதலாளி அந்தப் பக்கமாக வந்தார். இரும்பு வெட்டும்போது போடும் கறுப்புக் கண்ணாடி எப்போதும் அவர் நெற்றியில்தான் இருக்கும். வெட்டும்போதுகூட அது கண்ணுக்கு இறங்கி யாரும் பார்த்ததில்லை. அவருக்குக் 'கண்ணாடியண்ணன்' என்றே பெயர்.

"என்னப்பா, பிரேக்கைக் கழட்ட வந்தியா, அதுக்கு மூச்சு இருக்கான்னு பாக்க வந்தியா?"

கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. மென்று விழுங்கினான்.

"ஒண்ணுமில்லண்ணே. நட்டு இறுகிக் கெடக்கு."

கடைசியில் கழற்றத்தான் செய்தார்கள். அந்த நான்கு நட்டுகளே பெடலையும் பிடித்திருந்ததால், பூஸ்டரோடு அதுவும் கையோடு வந்தது. வாசலில் தன் பிக்கப்பின் உறுமல் கேட்டதும், அவன் அவசரமாகப் பெடலைத் தனியாக எடுத்துச் சாக்குக்குள் செருகினான்.

அவன் மனைவி வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். சட்டைக் கையெல்லாம் சோப்பு நுரை.

"நீ எதுக்கு வந்தே?"

"நல்லாக் கேட்டீங்க! ஓட்டப்போறவ நான். ஓட்டிப் பழக வேண்டாமா?" பூஸ்டரைச் சுற்றி எடுக்க அவள் சாக்கை உதறினாள். பெடல் ணங்கென்று விழுந்தது.

அவள் அதை எடுத்தாள். இரண்டு கையாலும் நிமிர்த்திப் பார்த்தாள், அசையவில்லை. பின், கிழிந்த ரப்பர்மேல் தன் செருப்புக் காலை ஒருமுறை வைத்துப் பார்த்தாள்.

"இது எப்படி வளைஞ்சுது?"

"கழட்டும்போது கொஞ்சம்..."

"உங்களுக்கு முட்டியும் மடங்காது, பொய்யும் வராது. ஏன்டா, நீ சொல்லு."

தம்பி ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்.

அவள் பெடலைக் கையில் பிடித்தபடி, சேசிஸ் ஒன்றை வெட்டக் குனிந்திருந்த முதலாளியை நோக்கி நடந்தாள். "அக்கா, வேண்டாம்க்கா!" என்று தம்பி பதறினான். கணவனின் கை பாதிவரை எழுந்து அப்படியே நின்றது. தடுக்க வேண்டுமென்று தோன்றியது. தடுக்கவிடாமலும் ஏதோ பிடித்திருந்தது.

"அண்ணே, அந்த வண்டியை யாரு ஓட்டினாங்க? அவங்களுக்கு என்ன ஆச்சு?"

அங்கங்கே தட்டிக்கொண்டிருந்த சுத்தியல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். முதலாளி அவளைப் பார்த்தார், அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டார்.

அவள் பெடலை அவருக்கு முன்னாலிருந்த இரும்பின்மேல் வைத்தாள்.

"நாளைக்கு அந்த எடத்துல உக்காரப்போறது நான்" என்றாள், கிடங்கு முழுக்கக் கேட்கும்படி. "இதை மிதிச்சப்போ வண்டி நின்னுச்சா, நிக்கலையா? சொல்லுங்கண்ணே."